திரைச்சீலை வெளுத்த வகையில்

ஊரில் அவரை மடிப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இஸ்திரி போட்டு மடித்துத் தரும் சட்டையைப் பிரிக்கவே மனசு வராது. அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சட்டையைப் பார்த்தால் மட்டும் மாடு மென்று துப்பியது போல இருக்கும். தன் சட்டை கண்ணில் படாதே தவிர, ஊரான் அழுக்கு ஒன்றுகூட அவரிடமிருந்து தப்பாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்ட கதையெல்லாம் உண்டு. அது ஒரு வியாதி என்பது அவருடைய மனைவியின் கட்சி.

லாண்டரி மனைவியின் பேரில்தான் இருந்தது. பெண்கள் பேரில் சிறுதொழில் என்றால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் அப்படி எழுதி வைத்தார்கள். பேர் மட்டும்தானே என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. வாடிக்கை, வரவு செலவு, சண்டை, சமாதானம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தலையிலேயே வந்து இறங்கின. தெருவே அவளை லாண்டரியம்மா ஆக்கிவிட்டது.

கீழே கடை. அதற்குப் பின்னால் மெஷின் அறை. மாடியில் இரண்டு அறை வீடு. அதற்கும் மேலே, தகரக் கூரைக்கு அடியில் துணி காயப் போடும் இடம். அந்த மேல்தளம் மடிப்புக்காரரின் அக்காவுடைய ராஜ்ஜியம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். லாண்டரியம்மாவுக்கு அண்ணி. முட்டி வலியோடு படி ஏறி, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே துணி போடுவாள். கூலியை முன்னாலேயே வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவனைத் திட்டுவது போல மழையைத் திட்டுவாள்.

வியாபாரத்தில் முக்கால்வாசி ரயிலடிக்கு எதிரே இருந்த லாட்ஜை நம்பித்தான் ஓடியது. விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று விடிந்தால் மூட்டை வந்து இறங்கும். அந்த லாட்ஜை நம்பித்தான் பெரிய மெஷினை வாங்கினார்கள். மழைக்காலம் ஆரம்பித்த வாரத்தில் லாட்ஜ் கைமாறியது. வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறாராம். மறுநாளிலிருந்து மூட்டை வரவில்லை.

செய்தி காற்றில் போயிருக்க வேண்டும். பழைய மெஷின் வாங்குகிற ஆள் ஒருவர் தானாகவே வந்து சேர்ந்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், மெஷினின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். லாண்டரியம்மாவுக்குத் தன் முதுகில் விழுந்தது போல இருந்தது.

"மழை முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. அப்புறம் இந்த மாடலை யாரும் சீண்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் போனால் வெறும் சட்டை, பேன்ட் கடைதான். துணி மடிக்க வரும் இரண்டு பெண்களை நிறுத்த வேண்டியிருக்கும். அண்ணிக்குக் கணக்கு அதற்கு மேலும் போயிற்று. அன்று மத்தியானம் கிளிப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டே, "நான் வேணா என் மக வீட்டுக்குப் போய் இருந்துக்கறேன்" என்றாள், ஏதோ கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல. அந்த மகள் வீட்டில் போன தடவை எத்தனை நாள் தாங்கினாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"உங்களை யாரு போகச் சொன்னது? நீங்க போறது, கொடியோட கூரையையும் சேத்துக் கழட்டிட்டுப் போற மாதிரில்ல இருக்கும்" என்றாள் லாண்டரியம்மா.

கடைசியில் அந்த அண்ணிதான் வழியையும் கொண்டுவந்தாள். முட்டியைக் காட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவள், மருந்து வரிசையில் நின்றபடி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்க ஆள் வேணுமாம்டி. டெண்டராம். புதன்கிழமை கொள்முதல் ஆபீஸ்ல கூட்டமாம், சந்தேகம் இருக்கறவங்க வரலாமாம். நமக்கு இருக்கறதே சந்தேகம் மட்டும்தானே, போய்ட்டு வா."

புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். மடிப்புக்காரர் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார்.

"எனக்கும் ஆபீஸுக்கும் ஆகாது. நீதானே ஓனரு. நீ போ. நான் இங்கயே நிக்கறேன்."

அறைக்குள் நீள மேஜை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பழக்கப்பட்டவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். நடுநாயகமாக இருந்தவருக்குப் பாய்லர் என்று பேர். ஊரிலேயே நீராவி பாய்லர் வைத்த ஒரே லாண்டரி அவருடையது. மேஜையின் தலைமாட்டில் டெண்டர் மேடம். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணிப் போடுவது போலப் பேசினார்.

"புதுசா வந்திருக்கறவங்க யாரு? கையைத் தூக்குங்க."

ஒரு கைதான் எழுந்தது. லாண்டரியம்மா அதைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

"கூச்சப்படாதீங்க. புதுசா வர்றவங்க செய்யற தப்பு எல்லாமே ஒரே மாதிரிதான். தாளை முழுசாப் படிக்கறதில்ல. இல்லாத விஷயத்துக்குக் கட்டத்தைக் காலியா விட்டுடறாங்க. இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதணும். விலையைத் தனிக் கவர்ல வைக்கணும். மத்த தாளோட சேத்து வச்சா, திறந்த அன்னிக்கே வெளிய போயிடும். 'உங்களுக்காகக் குறைச்சுத் தர்றோம்'னு கடுதாசி வைக்கக் கூடாது. இது மார்க்கெட் இல்ல. கடைசி நேரம் மூணு மணின்னா மூணு மணி. அதுக்கப்புறம் என் மாமியாரே வந்தாலும் வாங்க மாட்டேன்."

"மாமியாருன்னா மூணு மணிக்கு முன்னாடியே வாங்க மாட்டாங்க" என்று பாய்லர் பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மேடம் சிரிக்கவில்லை. ஆனால் கோபப்பட்டது போலவும் தெரியவில்லை.

"கேள்வி இருந்தா இங்க கேளுங்க. தனியா என் ரூமுக்கு வந்து கேக்காதீங்க. ஒருத்தருக்குச் சொல்ற பதில் எல்லாருக்கும் எழுத்துல போகும்."

லாண்டரியம்மா எழுந்து நின்றாள். எழ வேண்டியதில்லை என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

"மேடம், அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. நாங்க ரொம்ப வருஷமா லாட்ஜுக்கு வெளுத்திருக்கோம். அதைப் போடலாமா?"

"போட முடியாது. அரசு அலுவலகம் ஏதாவது ஒண்ணுக்கு வேலை செஞ்சு முடிச்ச சான்று வேணும். அளவு எதுவா இருந்தாலும் சரி."

"எதுவா இருந்தாலும்னா, எவ்வளவு சின்னதா இருக்கலாம் மேடம்?"

"ஒரு தலையணை உறையா இருந்தாலும் சரி. ஆனா அரசாங்கத்துத் தலையணையா இருக்கணும்."

சிரிப்பு எழுந்தது. லாண்டரியம்மா உட்கார்ந்தாள். அரசாங்க வேலை கிடைக்க வேண்டுமென்றால் அரசாங்க வேலை பார்த்திருக்க வேண்டும். இதை முதலில் யோசித்தவருக்கு மூளையை எந்த லாண்டரியில் வெளுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் புருஷன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அலுவலக உதவியாளர் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் தொங்கிய நாலு திரைச்சீலையில் மூன்று கழன்று தரையில் கிடந்தன.

"என்னங்க இது?"

"ஒரு மணி நேரமா இதுங்களையே பாத்துட்டு நிக்கறேன்மா. நெஞ்சை என்னமோ பண்ணுது. இவரைக் கேட்டேன், எப்ப வெளுத்ததுன்னு."

"நான் வேலைக்குச் சேரும்போதே இந்தக் கலர்தாங்க" என்றார் உதவியாளர், பெருமையாக.

"காசு ஒண்ணும் வேணாம். நாலு நாள்ல கொண்டு வந்து மாட்டிடறேன். புண்ணியமாப் போகட்டும்" என்று மடிப்புக்காரர் நாலாவதையும் கழற்றினார். அவள் சோர்ந்து போயிருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை. வேலை இல்லாமல் கிடக்கும் மனுஷன், எதையாவது துவைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தத் திரைகளோடு மல்லுக்கட்டியதை மடிப்புக்காரர் இன்றைக்கும் கதையாகச் சொல்லுவார். முதல் தண்ணீர் காப்பி நிறம், இரண்டாவது டீ நிறம். ஊற வைத்து, கசக்கி, மறுபடி ஊற வைத்து, கையாலேயே அலசினார். மெஷினில் போட்டால் நைந்துவிடும் என்று பயம். மழையில் அண்ணி அவற்றை மேல்தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக் காய வைத்தாள். மண் நிறம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த துணி, இளம்பச்சையில் குட்டிக் குட்டி இலை போட்டதாக வெளியே வந்தது. "இந்த இலையெல்லாம் இத்தனை நாளா எங்கடி இருந்துச்சு?" என்று அண்ணி வாயைப் பிளந்தாள். சொன்ன நாளில் அவரே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். அன்று முழுக்க வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது.

அனுபவச் சான்று இல்லாவிட்டாலும் தாளைப் போட்டு வைப்போம் என்று முடிவாயிற்று. போதிய ஆள் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தி மறுபடி கூப்பிடுவார்களாம், பேர் தெரிந்ததாகவாவது இருக்கும். ஒரு மழை மத்தியானம், வேலை இல்லாத இஸ்திரி மேஜையின் மேல் தாளைப் பரப்பிக்கொண்டு லாண்டரியம்மா கட்டம் கட்டமாக எழுதினாள். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் அழுந்தியது. கடைசிப் பக்கம் உறுதிமொழி. சத்தமாகப் படித்தாள்.

"'இந்த ஒப்பந்தப்புள்ளி தொடர்பாக, இந்த அலுவலகத்துக்கோ இதில் பணிபுரியும் எவருக்குமோ, பணமோ, பொருளோ, இலவசச் சேவையோ அளிக்கவில்லை என உறுதி கூறுகிறேன்.'"

படித்துவிட்டு நிறுத்தினாள். மடிப்புக்காரர் ஒரு சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இலவசச் சேவைன்னா என்ன?"

"சும்மா செஞ்சு குடுக்கறது."

"திரைச்சீலை?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. சட்டை கருகுகிற வாசம் வந்த பிறகுதான் அதைத் தூக்கினார்.

"அது வேற இது வேறம்மா. நான் டெண்டருக்காகவா வெளுத்தேன்? அழுக்கா இருந்துச்சு, வெளுத்தேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுல கையெழுத்துப் போடப் போறது நான்."

"இத்தனை பெரிய ஆபீஸ்ல ஒரு திரையைப் போய் யாரு பாக்கப் போறா?" என்றாள் படியிறங்கி வந்த அண்ணி. "திரைக்கு வாயா இருக்கு, போய்ச் சொல்ல?"

"வாய் இல்லதான் அண்ணி. ஆனா 'கொடுக்கவில்லை'ன்னு நான் எழுதணுமே. லாட்ஜ்காரங்க துண்டு ஒண்ணு குறைஞ்சாக்கூட நாமளே எண்ணிச் சொன்னோம். அந்தப் பேரை வச்சுத்தானே இவ்வளவு நாள் ஓட்டினோம்?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"தெரியல. போய்க் கேக்கப் போறேன்."

"கேட்டா வெளிய தள்ளிடுவாங்கடி."

"உள்ளயே போகலியே இன்னும்" என்றாள் லாண்டரியம்மா. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தப்பானவர்கள் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் எந்த அரசாங்கக் கதவும் திறக்காது. மெஷின், மடிக்க வரும் பெண்கள், அண்ணி எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில் வந்து மாட்டிக்கொண்டது போல அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை புருஷனையும் இழுத்துக்கொண்டு டெண்டர் மேடத்தின் அறை வாசலில் நின்றாள்.

"தனியா வந்து கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் மேடம், தலையைத் தூக்காமல்.

"கேக்க வரல மேடம். ஒண்ணு சொல்ல வந்திருக்கோம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கதவைத் திறந்தே வைங்க" என்றவர், உதவியாளரையும் உள்ளே கூப்பிட்டு நிற்க வைத்தார். "இப்ப சொல்லுங்க."

அவள் சொன்னாள். பாதியில் மடிப்புக்காரர் குறுக்கே புகுந்து, முதல் தண்ணீர் எவ்வளவு கருப்பாக இருந்தது என்று விளக்கப் போனார். அவள் முழங்கையால் இடித்து நிறுத்தினாள்.

மேடம் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்த் திரைகளைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கட்டடப் பராமரிப்புக்காரங்க புதுசா மாட்டினாங்கன்னு நினைச்சேன். நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுதிட்டேன். அவங்களும் பரவாயில்லைன்னு பதில் போட்டிருக்காங்க." உதவியாளர் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டுக் குடுத்தே?"

உதவியாளர் தரையைப் பார்த்தார்.

"மேடம், அவரைத் திட்டாதீங்க. தப்பு என்னோடது" என்றார் மடிப்புக்காரர். "வேணும்னா பழையபடி அழுக்காக்கித் தந்துடறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று லாண்டரியம்மாவுக்குப் புரியவில்லை.

"இதை மறைச்சு நீங்க கையெழுத்துப் போட்டிருந்து, வேலையும் கிடைச்சு, அதுக்கப்புறம் வேற யாராவது சொல்லியிருந்தா, வேலையும் போயிருக்கும், பேரும் போயிருக்கும். எந்த டெண்டர்லயும் உங்களால நிக்க முடியாது. தெரியுமா?"

"தெரியல மேடம். ஆனா பயமா இருந்துச்சு."

"அந்தப் பயம் நல்லது. சரி, உக்காருங்க... வேணாம், நில்லுங்க. பில்லு குடுங்க."

"என்ன பில்லு மேடம்?" என்றார் மடிப்புக்காரர்.

"திரை வெளுத்ததுக்கு. சும்மா செஞ்சா அது சலுகை. கூலி வாங்கினா அது வேலை. மேலதிகாரிகிட்ட நடந்ததை நடந்தபடி எழுதி, அனுமதி வாங்கித் தர்றேன்."

"ஐயோ, திரைக்குப் போய்க் காசு வாங்கறதா? சரி, உங்களுக்குன்னு பாதி போட்டு..."

"பாதி போட்டா மறுபடியும் சலுகை. கடைக்கு வர்ற எல்லாருக்கும் என்ன விலையோ அதைப் போடுங்க."

மடிப்புக்காரர் வாழ்நாளில் முதல்முறையாக, குறைக்கச் சொல்லாத வாடிக்கையாளரைப் பார்த்துத் திகைத்து நின்றார். லாண்டரியம்மா அங்கேயே பில் எழுதினாள். இந்தத் தடவை டெண்டரில் நிற்கவில்லை என்றும் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள். அனுபவமும் இல்லை, இந்த விஷயமும் நடுவில் நிற்கிறது. மேடம் அதைப் படித்துவிட்டு, "நான் சொல்லக் கூடாது. நீங்களா எழுதினீங்க. நல்லது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் டெண்டர் போட்டுக் காசு பாக்கறான். நம்ம வீட்டுல டெண்டரை விட்டுக் குடுத்துட்டு நாலு திரைக்குக் கூலி வாங்கிட்டு வர்றாங்க." சொல்லிவிட்டு மேலே போனவள், அன்று மழையைக்கூடத் திட்டவில்லை. அந்தப் பெரிய வேலை பாய்லருக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். மெஷின் வாங்குகிறவர் மறுபடி வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அழைப்பு வந்தபோது லாண்டரியம்மா தனியாகப் போனாள். உதவியாளர் பணத்தோடு முத்திரை குத்திய ஒரு தாளையும் நீட்டினார்.

"இது எதுக்கு?"

"எந்த வேலை முடிஞ்சாலும் மேடம் குடுத்துடுவாங்க. பல்பு மாட்டினவருக்குக்கூட உண்டு."

தூறல் ஆரம்பித்திருந்தது. பஸ் நிறுத்தத்தின் கூரைக்கு அடியில் ஒதுங்கி அதைப் படித்தாள். 'இவ்வலுவலகத் திரைச்சீலைகள் நான்கினை வெளுத்த வகையில், மேற்படி நிறுவனம் பணியைக் குறித்த நாளில் திருப்திகரமாக முடித்துள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' முதலில் சிரிப்பு வந்தது. நாலு திரைக்கு இவ்வளவு பெரிய தமிழா என்று நினைத்தாள். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அரசு அலுவலகம். முடித்த வேலை. அளவு எதுவாயினும்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. தாள் நனைந்துவிடாமல் நெஞ்சோடு வைத்துப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். பக்கத்தில் நின்றவர், "ஏம்மா, ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்லீங்க. திரைச்சீலை" என்றாள். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் அறிவிப்புப் பலகை பார்ப்பது அண்ணியின் வேலையாயிற்று. முட்டி வலிக்கிறதோ இல்லையோ, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தாள். மழை ஓய்கிற சமயத்தில், பிரசவ வார்டுத் துணிகளுக்குத் தனியாக ஒரு சின்ன டெண்டர் ஒட்டினார்கள். அதே நிபந்தனைகள்தான். லாண்டரியம்மா அந்தத் தாளைப் புருஷனும் அண்ணியும் கேட்கும்படி முதல் வரியிலிருந்து படித்தாள். விலைக்கு ஒரு கவர், மற்றதற்கு ஒரு கவர். கட்டம் ஒன்றும் காலி இல்லை. உறுதிமொழிக்கு வந்ததும் புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இந்தத் தடவை அந்தப் பக்கமே போகலம்மா, சத்தியமா" என்றார் மடிப்புக்காரர். அவள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள்.

கவர் திறந்த அன்று எல்லார் முன்னாலும் மேடம் ஒவ்வொரு தாளாகப் படித்தார். 'திரைச்சீலைகள் நான்கு' என்று வந்ததும் மேஜையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது.

"திரைச்சீலையெல்லாம் அனுபவத்துல சேருமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நடந்தது எல்லாருக்கும் தெரியணும்" என்று மேடம் கோப்பைப் பிரித்தார். சும்மா வெளுத்தது, வந்து சொன்னது, பில் வாங்கியது, தன் அலுவலகத்தின் கவனக்குறைவு என்று தானே எழுதியிருந்தது வரை ஒன்றுவிடாமல் வாசித்தார். "நிபந்தனையில அளவு எதுவாயினும்னு இருக்கு. ஆட்சேபம் இருந்தா எழுத்துல குடுங்க."

எல்லாரும் பாய்லரைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"நான் எதைன்னு எழுதறது மேடம்? தாழ்வாரத்துல அந்தத் திரைக்குக் கீழயே உக்காந்து எத்தனை டெண்டருக்குக் காத்திருந்திருக்கேன். தொழில்காரன்னு பேரு, ஒரு நாள் அண்ணாந்து பாக்கலியே. விலையைப் பிரிங்க."

விலையைப் பிரித்தார்கள். பிரசவ வார்டு லாண்டரியம்மாவுக்கு வந்தது. பாய்லர் எழுந்து வந்து, "குழந்தைத் துணி, கஞ்சி கிஞ்சி போட்டுடப் போறாரு உங்க வீட்டுக்காரரு" என்று கேலி செய்துவிட்டுப் போனார். அதில் கசப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

முதல் மூட்டை வந்த காலையில் வெயில் அடித்தது. கைக்குட்டை அளவுத் துணிகளும், தொட்டில் விரிப்புகளும், பிறந்த குழந்தையைச் சுற்றும் மெல்லிய துண்டுகளும் பெரிய மெஷினில் சுழன்றன. மடிக்க வரும் பெண்கள் இரண்டு பேரும் விடிந்ததும் வந்து நின்றுவிட்டார்கள். அண்ணி மேலே கொடி முழுக்கக் குட்டித் துணியாகப் போட்டுவிட்டு, "ஏ வெயிலு, நல்லா இரு" என்று சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. அவள் வாயால் வானம் வாழ்த்து வாங்கியது அன்றைக்குத்தான். மடிப்புக்காரர் அந்தக் கைக்குட்டை அளவுத் துணிகளைக்கூட நாலு மூலையும் பொருந்த மடித்தார். அப்படி மடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. லாண்டரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாரிடமோ நன்றி சொல்ல வேண்டும் போல மனசு நிரம்பிக் கிடந்தது.

முதல் மாதப் பில்லைக் கொடுக்கப் போனபோது உதவியாளர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "அந்தத் திரை விஷயத்துல மேடத்துக்கு மேல இருந்து மெமோ வந்துச்சுங்க. கவனக்குறைவுன்னு அவங்களே எழுதினாங்க இல்ல, அதுக்கு விளக்கம் கேட்டு. என் பேரை எழுதியிருந்தா என் வேலையே போயிருக்கும். அவங்க எழுதல."

லாண்டரியம்மாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்து, எதிரே இருந்த பழக்கடைக்குப் போனாள். யாரைப் பார்க்கப் போனாலும் இரண்டு பழமாவது வாங்காமல் போய்ப் பழக்கமில்லாதவள். நல்லதாக நாலு ஆப்பிளைப் பொறுக்கிக் கையில் எடுத்துவிட்டாள். கடைக்காரர் பையைக்கூடப் பிரித்துவிட்டார். அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. பணமோ, பொருளோ. எடுத்த பழங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். "வேணாங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியேறினாள். ஏறும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "பில்லா? உதவியாளர்கிட்ட குடுங்க."

"குடுத்துட்டேன் மேடம்."

"அப்புறம் என்ன?"

"மெமோ வந்துச்சாமே. எங்களால."

"உங்களால இல்ல. என் ஆபீஸ்ல என்ன தொங்குதுன்னு நான் பாக்கல. விளக்கம் எழுதிட்டேன், அது முடிஞ்சுது."

லாண்டரியம்மா வாசலிலேயே நின்றாள். "எங்க வீட்டுல இன்னிக்கு நாலு பொம்பளைங்க வேலை பாக்கறோம் மேடம். மெஷின் ஓடுது. எங்க அண்ணி வெயிலை வாழ்த்தறாங்க. உங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. பழக்கடை வரைக்கும் போய்ட்டு, பழத்தைத் திருப்பி வச்சுட்டு, வெறுங்கையோட வந்து நிக்கறேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"வேலை கிடைச்சவங்க எல்லாரும் வருவாங்கம்மா. பழம், பெட்டி, பொட்டலம். திருப்பி அனுப்பி அனுப்பித்தான் எனக்குத் திமிர் பிடிச்சவன்னு பேரு. கையில ஒண்ணும் இல்லாம யாரும் வந்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

வரும்போது எவ்வளவோ சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒன்றுதான் மிஞ்சியது.

"நன்றி மேடம்" என்றாள்.

"வாங்கிக்கிட்டேன்" என்றார் மேடம்.